முகவரி மாறினாலும் பெயர் மாறாதிருக்க: வீட்டுக்கான சொந்த டைனமிக் டிஎன்எஸ் சர்வர்

வீட்டுக் கருவிகளுக்காகச் சொந்த டைனமிக் டிஎன்எஸ் சர்வர் அமைப்பது குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு கும்பகோணத்தில் இருக்கிறது. அங்கே நான்கு கண்காணிப்புக் கேமராக்களும், குடும்பப் புகைப்படங்களையும் பழைய பத்திரங்களின் ஸ்கேன் படிகளையும் சேமித்து வைத்திருக்கும் ஒரு சிறிய கணினியும் உள்ளன. வீட்டின் ஐபி முகவரி அடிக்கடி மாறுவதால் ஓர் இலவச டைனமிக் டிஎன்எஸ் சேவையைப் பயன்படுத்துகிறேன். மாதம் ஒருமுறை அதை உறுதிசெய்ய மறந்தால் பெயர் காலாவதியாகிவிடுகிறது. இதை நானே சொந்தமாக அமைத்துக்கொள்ள முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: முடியும். பெயரைக் கேட்டால் அதற்குரிய எண் முகவரியைச் சொல்லும் இணைய ஏற்பாடே டிஎன்எஸ். மாறிக்கொண்டே இருக்கும் எண் முகவரியை மாறாத ஒரு பெயரோடு இணைத்து வைப்பதும், எண் மாறும்போதெல்லாம் பெயரின் பதிவைத் திருத்துவதுமே டைனமிக் டிஎன்எஸ் செய்யும் வேலை. இந்தத் திருத்தத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கான பொது நெறிமுறை ஆர்எஃப்சி 2136 என்ற ஆவணமாக 1997ஆம் ஆண்டு ஏப்ரலிலேயே வெளிவந்துவிட்டது. அதைப் பின்பற்றும் சர்வர் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகவே எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல் இதை நடத்தலாம்.

நிறுவனங்களை மட்டுமே நம்பியிருப்பதில் உள்ள இடர்ப்பாடு உண்மையானது. டின் நிறுவனம் பல ஆண்டுகளாக வழங்கிவந்த இலவச டைனமிக் டிஎன்எஸ் சேவையை 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று, தீம்பொருள் பரப்புவோர் பயன்படுத்துகிறார்கள் என்ற காரணத்தைக் காட்டி, நோ-ஐபி நிறுவனத்தின் 22 டொமைன்களை அமெரிக்க நீதிமன்ற உத்தரவின் பேரில் மைக்ரோசாஃப்ட் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அப்போது எந்தத் தவறும் செய்யாத ஏராளமான பயனர்களின் பெயர்களும் சில நாட்கள் இயங்காமல் போயின. பிறருடைய டொமைனுக்குக் கீழே நாம் வைத்திருக்கும் பெயர் நம்முடையது அன்று என்பதைத்தான் இந்த இரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

உங்களுக்கு மூன்று பொருட்கள் தேவை. முதலாவது, உங்கள் பெயரில் பதிவுசெய்த ஒரு டொமைன். இரண்டாவது, முகவரி மாறாத ஒரு சிறிய வாடகை சர்வர், அதாவது விபிஎஸ். மூன்றாவது, கும்பகோணத்து வீட்டில் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் ஏதேனும் ஒரு சிறு கணினி. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. டிஎன்எஸ் சர்வரையே வீட்டில் வைத்துவிடலாமே என்று பலருக்குத் தோன்றும். வீட்டு முகவரி எது என்று சொல்ல வேண்டிய சர்வரும் அதே மாறும் முகவரியில் இருந்தால், முகவரி மாறிய கணமே அந்தச் சர்வரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அது வெளியே, நிலையான முகவரியில் இருக்க வேண்டும். இந்த வேலைக்கு 1 ஜிபி நினைவகம் உள்ள மிகச் சிறிய சர்வரே தாராளம்.

டொமைன் முழுவதையும் உங்கள் சர்வருக்கு மாற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மின்னஞ்சலும் வலைத்தளமும் அந்த டொமைனில் இருக்கக்கூடும். அவற்றை, டொமைனைப் பதிவுசெய்து தந்த பதிவாளரின் டிஎன்எஸ் சேவையிலேயே விட்டுவிடுங்கள். ‘வீடு’ என்ற பொருள்படும் ஒரு துணைப்பெயரை மட்டும் பிரித்து, அந்தப் பகுதிக்கு மட்டும் விபிஎஸ்தான் பொறுப்பு என்று பதிவாளரின் பக்கத்தில் ஓர் என்எஸ் பதிவையும், அந்த விபிஎஸ்ஸின் பெயருக்கு அதன் எண் முகவரியைச் சொல்லும் ஓர் ஏ பதிவையும் சேர்த்தால் போதும். நாளை உங்கள் சர்வர் படுத்துவிட்டாலும் வீட்டுக் கருவிகளின் பெயர்கள் மட்டுமே பாதிக்கப்படும். மின்னஞ்சல் தொடர்ந்து வரும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு சோதனை செய்துவிடுங்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் ‘வான்’ முகவரி என்று காட்டப்படும் எண்ணும், அந்த வீட்டிலிருந்து வெளியே ஒரு தளத்துக்குச் சென்று ‘என் ஐபி என்ன’ என்று கேட்கும்போது வரும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் வேறுபட்டால், யாழ்ப்பாண வாசகருக்கு நான் கீழே எழுதியிருக்கும் பதிலைப் படித்துவிட்டுப் பணம் செலவழிப்பது நல்லது.

கேள்வி: விபிஎஸ்ஸில் பைண்ட் 9 என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருளை நிறுவியிருக்கிறேன். வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்து பதிவைத் திருத்தும் பகுதியை எப்படிப் பாதுகாப்பாக அமைப்பது? கோப்பில் எல்லாவற்றையும் சரியாக எழுதியும் திருத்தம் ஏற்கப்படவில்லை.
– மென்பொருள் பொறியாளர், கோவை

பதில்: திருத்தும் கோரிக்கை யாரிடமிருந்து வருகிறது என்பதைச் சர்வர் ஐபி முகவரியைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது, அந்த முகவரிதானே மாறுகிறது. ஆகவே டிஎஸ்ஐஜி என்ற முறையில், இரு பக்கமும் அறிந்த ஓர் இரகசியச் சாவியைக் கொண்டு ஒவ்வொரு கோரிக்கையும் கையொப்பமிடப்படுகிறது. பைண்டோடு வரும் ‘டிசிக்-கீஜென்’ என்ற கருவி இந்தச் சாவியை உருவாக்கித் தரும். இந்தச் சாவியை எவ்வளவு குறுகிய அதிகாரத்தோடு வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே உங்கள் அமைப்பின் பாதுகாப்பு அமைகிறது.

பல வழிகாட்டிகள் ‘அலவ்-அப்டேட்’ என்ற கட்டளையில் சாவியின் பெயரை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகின்றன. அந்த ஒரு வரி, சாவி வைத்திருப்பவருக்கு மண்டலம் முழுவதையும், அதாவது உங்கள் துணைப்பெயரின் கீழுள்ள எல்லாப் பதிவுகளையும், எழுதவும் அழிக்கவும் உரிமை தந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக ‘அப்டேட்-பாலிசி’யைப் பயன்படுத்துங்கள். கருவி ஒன்றுக்குச் சாவி ஒன்று என்று வைத்து, சாவியின் பெயரையே கருவியின் முழு டிஎன்எஸ் பெயராகவும் சூட்டிவிட்டால், ‘செல்ஃப்’ என்ற விதியின் மூலம் ஒவ்வொரு சாவியும் தன் பெயரிலுள்ள பதிவை மட்டுமே திருத்தலாம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அதே வரியில் ஏ, குவாட்-ஏ (முறையே பழைய ஐபிவி4 முகவரிக்கும் புதிய ஐபிவி6 முகவரிக்கும் உரியவை) ஆகிய இரு வகைப் பதிவுகளை மட்டுமே அனுமதியுங்கள். ஒரு கேமராவின் சாவி திருடுபோனால் அந்தக் கேமராவின் பெயர் மட்டுமே கெடும், மற்றவை தப்பிக்கும்.

உங்கள் திருத்தம் ஏற்கப்படாததற்குக் காரணம் பெரும்பாலும் கோப்பு இருக்கும் இடமாகத்தான் இருக்கும். பைண்ட் திருத்தங்களை உடனே மண்டலக் கோப்பில் எழுதுவதில்லை. அதன் அருகிலேயே ‘ஜேஎன்எல்’ என்று முடியும் ஒரு குறிப்பேட்டுக் கோப்பை உருவாக்கி, முதலில் அதில் எழுதுகிறது. உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் ஆப்ஆர்மர் என்ற காவல் அமைப்பு, ‘ஈடிசி’ அடைவுக்குள் இருக்கும் பைண்டின் பகுதியில் பைண்டே எழுதுவதை அனுமதிக்காது. மண்டலக் கோப்பை அங்கே வைத்திருந்தால், குறிப்பேட்டை உருவாக்க அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி பதிவேட்டில் வந்திருக்கும். கோரிக்கை அனுப்பிய பக்கத்திலோ ‘செர்வ்ஃபெயில்’ என்ற ஒற்றைச் சொல்தான் தெரியும். கோப்பை ‘வார்’ அடைவில், ‘லிப்’ என்பதற்குள் இருக்கும் ‘பைண்ட்’ அடைவுக்கு மாற்றி, அதன் உரிமையாளராகப் பைண்ட் பயனரை ஆக்கினால் சிக்கல் தீர்ந்துவிடும். அனுமதி எண்களை 777 என்று மாற்றிப் பார்ப்பதால் பயனில்லை. ஆப்ஆர்மர் அந்த எண்களைப் பொருட்படுத்துவதில்லை.

ஒரு மண்டலம் டைனமிக் ஆன பிறகு, அதன் கோப்பை எடிட்டரில் திறந்து கையால் திருத்தக் கூடாது. குறிப்பேட்டில் ஒன்றும் கோப்பில் வேறொன்றுமாக இருந்தால், மறுதொடக்கத்தின்போது மண்டலமே ஏற்றப்படாமல் போகலாம். கட்டாயம் கையால் திருத்த வேண்டுமானால், ‘ஆர்என்டிசி ஃப்ரீஸ்’ கட்டளையால் உறையவைத்து, திருத்தி, ‘ஆர்என்டிசி தா’ (உறைவை நீக்கும் ஆங்கிலச் சொல்) கட்டளையால் விடுவிக்க வேண்டும். அதைவிட, நீங்களும், திருத்தக் கோரிக்கைகளை அனுப்பும் ‘என்எஸ்அப்டேட்’ கருவி மூலமாகவே திருத்தும் பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டுப் பக்கத்து நிரலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய ஏ பதிவை நீக்குவதையும் புதியதைச் சேர்ப்பதையும் ஒரே கோரிக்கைக்குள் வையுங்கள். நெறிமுறைப்படி அவை இரண்டும் சேர்ந்தே நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது. தனித்தனியாக அனுப்பினால், இடைப்பட்ட நொடியில் யாரேனும் அந்தப் பெயரைக் கேட்கும்போது ‘அப்படியொரு முகவரிப் பதிவு இல்லை’ என்ற பதில் போய்விடும். இல்லை என்ற பதிலையும் இடைநிலைச் சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எவ்வளவு நேரம் என்பதை மண்டலத்தின் பொது விவரங்களைத் தாங்கும் எஸ்ஓஏ பதிவிலுள்ள கடைசி எண் தீர்மானிக்கிறது. மாதிரிக் கோப்புகளில் அது 86400 என்று, அதாவது ஒரு நாள் முழுவதும் என்று இருந்தால் அதையும் 60 அல்லது 300 ஆகக் குறைத்துவிடுங்கள். ஏ பதிவுகளின் டிடிஎல் மதிப்பு, அதாவது பதிலை இடைநிலைச் சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம், 60 விநாடி போதும். வீட்டு அளவிலான போக்குவரத்துக்கு அதனால் எந்தச் சுமையும் ஏற்படாது.

வீட்டின் தற்போதைய முகவரியை ரவுட்டரிடமே கேட்டு அறிவது சிறந்தது. இல்லையேல் வெளியிலுள்ள ஒரு தளத்தைக் கேட்கலாம். எதுவானாலும், முகவரி மாறியிருந்தால் மட்டும் திருத்தம் அனுப்புங்கள். சில இணையச் சேவைகள், டிஎன்எஸ்ஸுக்குரிய வாயிலான 53ஆம் போர்ட்டில் வெளியே செல்லும் எல்லாவற்றையும் தம் சர்வருக்கே திருப்பிவிடுகின்றன. அப்படியிருந்தால் உங்கள் கோரிக்கை விபிஎஸ்ஸை அடையவே அடையாது. பைண்டை இன்னொரு போர்ட்டிலும் கேட்கச் செய்து, ‘என்எஸ்அப்டேட்’டை அந்தப் போர்ட்டுக்கு அனுப்பினால் வழி திறந்துவிடும்.

சர்வரின் ஃபயர்வாலில் 53ஆம் போர்ட்டை யுடிபி, டிசிபி இரண்டுக்கும் திறக்க வேண்டும். ரிகர்ஷன் வசதியை அடியோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் சர்வர் உங்கள் மண்டலத்தைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். உலகிலுள்ள எந்தப் பெயரைக் கேட்டாலும் தேடித் தரும் திறந்த சர்வராக இருந்தால், பிறர் மீது தாக்குதல் நடத்துவோர் அதைப் பெருக்கியாகப் பயன்படுத்திவிடுவார்கள்.

கேள்வி: என் ரவுட்டரில் டைனமிக் டிஎன்எஸ் பக்கத்தில் சில நிறுவனங்களின் பட்டியல்தான் வருகிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. சாவி எதையும் கேட்கவில்லை. அதை என் சர்வரோடு பேசவைக்க முடியுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ரவுட்டர்கள் பெரும்பாலும் ஆர்எஃப்சி 2136 முறையில் பேசுவதில்லை, டின் நிறுவனம் பரப்பிய வலைவழி முறையிலேயே பேசுகின்றன. ‘நிக்’ என்பதன் கீழ் ‘அப்டேட்’ என்று முடியும் ஒரு வலை முகவரிக்குப் பெயரையும் ஐபி எண்ணையும் அனுப்பிவிட்டு, ‘குட்’, ‘நோசேஞ்’ என்பதன் சுருக்கம், ‘பேட்ஆத்’ போன்ற ஒற்றைச்சொல் பதிலுக்குக் காத்திருக்கும். பட்டியலில் ‘கஸ்டம்’ என்ற தேர்வு இருந்தால் உங்கள் சர்வரின் பெயரை அங்கே எழுதலாம். விபிஎஸ்ஸில் இந்தக் கோரிக்கையை வாங்கி, கடவுச்சொல்லைச் சரிபார்த்து, உள்ளேயே பைண்டுக்கு ‘என்எஸ்அப்டேட்’ அனுப்பும் ஒரு சிறு நிரல் இருந்தால் போதும். இத்தகைய திறமூல நிரல்கள் பல கிடைக்கின்றன.

ரவுட்டர் எச்டிடிபிஎஸ் வழியாக அனுப்புகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். சாதாரண எச்டிடிபி மட்டுமே தெரிந்த ரவுட்டராக இருந்தால், கடவுச்சொல் வழியில் இருப்பவர் எவரும் படிக்கக்கூடிய வடிவில்தான் செல்லும். அப்போது ரவுட்டரின் இந்த வசதியை விட்டுவிட்டு, வீட்டுக்குள் இருக்கும் ஒரு கணினியிலிருந்து ‘டிடிகிளையன்ட்’ போன்ற நிரலை இயக்குவதே சரி.

கேள்வி: சர்வர் சரியாக வேலை செய்கிறது, பெயரைக் கேட்டால் எண் வருகிறது. ஆனாலும் வெளியிலிருந்து வீட்டுக் கருவிகளை அடைய முடியவில்லை. ரவுட்டரில் தெரியும் முகவரி 100.72 என்று தொடங்குகிறது. எங்கே தவறு?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் அமைப்பில் தவறு எதுவும் இல்லை. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், இணையச் சேவை நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்வதற்காக 2012ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 முகவரிகளின் மையக் கையிருப்பு 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 3 அன்று தீர்ந்துபோனது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பதிவகமும் தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன் விளைவாக, பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அமர்த்தும் சிஜிநேட் முறை பரவியது. பெரிய குடியிருப்பு ஒன்றுக்கு ஒரே வாயில் எண் இருக்க, வீட்டு எண் எழுதப்படாத கடிதம் காவலாளியிடமே தேங்கிவிடுவதைப் போல, வெளியிலிருந்து தொடங்கும் இணைப்பு நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடுகிறது. உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் அந்த இணைப்பு உங்கள் ரவுட்டர் வரை வரப்போவதில்லை.

வழிகள் மூன்று உண்டு. நிறுவனத்திடம் பொது முகவரி கேட்பது எளியது. சிலர் கூடுதல் கட்டணத்துக்குத் தருவார்கள்.

இரண்டாவது ஐபிவி6. உங்கள் இணைப்பில் அது இருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் உலகளாவிய முகவரி கிடைக்கும். சிஜிநேட் குறுக்கே வராது. அப்போது டைனமிக் டிஎன்எஸ்ஸின் நடைமுறை மாறும். ஐபிவி4 இருக்கும் வீட்டில் ரவுட்டரின் ஒரே முகவரியைப் பதிந்தால் போதும். ஐபிவி6 இருக்கும் வீட்டில் ஒவ்வொரு கருவியும் தன் குவாட்-ஏ பதிவைத் தானே திருத்த வேண்டும்; ஏனெனில் ரவுட்டரின் முகவரி கருவியின் முகவரி அன்று. கணினிகள் தம் தனியுரிமைக்காக அவ்வப்போது மாறும் தற்காலிக முகவரி ஒன்றையும் வைத்திருக்கின்றன. வெளித் தளத்திடம் ‘என் ஐபி என்ன’ என்று கேட்டால் அந்தத் தற்காலிக முகவரிதான் பெரும்பாலும் பதிலாக வரும்; அதைப் பதிந்தால் மறுநாளே பயனற்றுப் போகலாம். ஆகவே நிரல் கருவியின் நிலையான முகவரியைக் கணினியிடமே கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் தேவையான ஒரு கருவிக்கும் ஒரு போர்ட்டுக்கும் மட்டும் அனுமதி தாருங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிட வேண்டாம். நீங்கள் வெளியே பயன்படுத்தும் இணைப்பிலும் ஐபிவி6 இருந்தால்தான் இது பயன்படும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றாவது வழிக்கு டைனமிக் டிஎன்எஸ்ஸே தேவையில்லை. உங்களிடம் நிலையான முகவரியில் ஒரு விபிஎஸ் இருக்கிறது. வீட்டுக் கணினி வயர்கார்டு என்ற மென்பொருள் மூலம் அந்த விபிஎஸ்ஸுக்குத் தானே வெளிநோக்கி ஒரு மறையாக்கப் பாதை அமைத்து, 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி அதை உயிரோடு வைத்திருக்கலாம். உங்கள் கைபேசியும் அதே விபிஎஸ்ஸோடு இணைந்தால் வீட்டை அடைந்துவிடலாம். டைனமிக் டிஎன்எஸ் பற்றிய கேள்விக்கு அதைக் கைவிடும்படி பதில் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஐபிவி6 இல்லாமல் சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு இதுதான் நேரான வழி. எல்லாப் போக்குவரத்தும் விபிஎஸ் வழியாகச் சுற்றிவருவதால், கேமராக் காட்சிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் விபிஎஸ்ஸின் மாதாந்தர டேட்டா வரம்பைக் கவனிக்க வேண்டும். பொது முகவரி உள்ளவர்கள் டைனமிக் டிஎன்எஸ்ஸைத் தேர்ந்தெடுப்பதற்கும் இந்தச் சுற்றுவழி இல்லாமையே முதன்மையான காரணம்.

கேள்வி: எங்கள் பகுதியில் மின்சாரம் போய் வந்த பிறகெல்லாம் பெயர் பழைய முகவரியையே காட்டுகிறது. ராஸ்பெர்ரி பை இயங்குகிறது. பதிவேட்டில் ‘பேட்டைம்’ என்று வருகிறது. பையை மறுபடி தொடங்கினால் சரியாகிவிடுகிறது.
– வாசகர், மதுரை

பதில்: மின்தடைக்குப் பின் இரண்டு நிகழ்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன. டிஎஸ்ஐஜி கையொப்பத்துக்குள் நேரமும் அடங்கியிருக்கிறது; யாரோ பழைய கோரிக்கையைப் பதிவுசெய்து வைத்துப் பின்னர் அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இரு பக்கக் கடிகாரங்களுக்கும் இடையே வழக்கமாக 300 விநாடிக்கு மேல் வேறுபாடு இருந்தால் சர்வர் ‘பேட்டைம்’ என்று மறுத்துவிடும். ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. பை 5இல் கடிகாரம் உண்டு, அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். ஆகவே உங்கள் பை விழித்தெழும்போது, கடைசியாகத் தான் குறித்துவைத்த நேரத்திலிருந்து கணக்கைத் தொடர்கிறது. இரண்டு மணி நேர மின்தடை என்றால் இரண்டு மணி நேரம் பின்தங்கி நிற்கும்.

இணையம் கிடைத்தவுடன், நேரத்தை இணையத்திலிருந்து பெறும் என்டிபி மூலம் நேரம் தானே திருந்திவிடும். ஆனால் பை அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் இணைப்புப் பெற அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கின்றன. தொடங்கும்போது ஒருமுறை மட்டும் ஓடும்படி நிரலை அமைத்திருந்தால், இணைப்பு வருவதற்கு முன்போ நேரம் திருந்துவதற்கு முன்போ ஓடித் தோற்று நின்றுவிடும். நீங்கள் மறுபடி தொடங்கும்போது இணையம் தயாராக இருப்பதால் வெற்றி கிடைக்கிறது.

லினக்ஸில் வேலைகளை நேரப்படி இயக்கும் ‘சிஸ்டம்டி’ டைமர் ஒன்றை வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிரலை ஓடச் செய்யுங்கள். நேரம் ஒத்திசைந்த பிறகே அது தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துவிடுங்கள். முகவரி மாறியதா என்பதை நிரல் தன் பழைய குறிப்போடு ஒப்பிடாமல், விபிஎஸ்ஸை நேரடியாகக் கேட்டு அங்குள்ள பதிவோடு ஒப்பிடட்டும். தோற்றுப்போன திருத்தத்தை வெற்றி என்று குறித்துவைத்து, அதன்பின் முயலாமலேயே இருந்துவிடும் நிரல்கள் உண்டு. சர்வரிடமே கேட்கும் நிரலுக்கு அந்தக் குறை வராது. பை, ஃபைபர் பெட்டி, ரவுட்டர் மூன்றையும் ஒரே சிறு யுபிஎஸ்ஸில் இணைத்தால் குறுகிய மின்தடைகளில் முகவரி மாறுவதே பெருமளவு குறையும்.

கேள்வி: சொந்தப் பெயர் வந்ததும் கேமராப் பதிவுப் பெட்டியின் போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிட்டோம். யாருக்கும் தெரியாத பெயர் என்பதால் பயமில்லை என்று கணவர் சொல்கிறார். சரிதானா?
– வாசகி, சென்னை

பதில்: சரியில்லை, இன்றே அந்தப் போர்ட்டை மூடிவிடுங்கள். தாக்குவோர் பெயரைத் தேடி வருவதில்லை. ஐபிவி4 முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான். அவை முழுவதையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெயரும் அவ்வளவு இரகசியமாக இராது. பெட்டிக்கு, இணைப்பை மறையாக்க உதவும் டிஎல்எஸ் சான்றிதழ் பெற்றீர்களானால், அந்தப் பெயர் எவரும் தேடக்கூடிய சான்றிதழ்ப் பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடும்.

2016ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று நடந்தது இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்க முடியாதது. மிராய் என்ற தீம்பொருள், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத வீட்டுக் கேமராக்களையும் டிவிஆர் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் பெருந்திரளாகக் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே டின் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களைத் தாக்கியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் போன்ற தளங்கள் அமெரிக்காவின் பெரும்பகுதியில் பல மணி நேரம் கிடைக்காமல் போயின. அந்தக் கருவிகளின் உரிமையாளர்களுக்குத் தங்கள் கேமரா அதில் பங்கேற்றது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

உங்கள் டைனமிக் டிஎன்எஸ் பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு வாயிலை மட்டும் வையுங்கள். அது வயர்கார்டாக இருக்கட்டும். அதன் யுடிபி போர்ட் ஒன்றை மட்டும் ரவுட்டரில் திறந்தால் போதும். சரியான சாவி இல்லாமல் வரும் எதற்கும் வயர்கார்டு பதிலே தருவதில்லை என்பதால், தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே ஏதேனும் இருப்பதே தெரியாது. கைபேசியில் வயர்கார்டை இயக்கியவுடன் நீங்கள் வீட்டுக்குள் இருப்பதாகவே ஆகிவிடும். கேமராப் பெட்டியை அதன் உள்முகவரியிலேயே பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வயர்கார்டு பெயரை எண்ணாக மாற்றுவது இணைப்பைத் தொடங்கும்போது மட்டுமே. வீட்டு முகவரி இடையில் மாறினால் மறுமுனை பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். கைபேசியில் அணைத்து மீண்டும் இயக்கினால் போதும். எப்போதும் இணைந்திருக்கும் லினக்ஸ் கணினிக்கு, வயர்கார்டு கருவித் தொகுப்போடு வரும் பெயரை மறுபடி தேடும் நிரலைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடவிடுங்கள்.

கேள்வி: இரண்டாவது டிஎன்எஸ் சர்வர் அவசியமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: நெறிமுறைகள் இரண்டு சர்வர்களையாவது கேட்கின்றன. பிரித்தெடுத்த துணைப்பெயர் ஒரே சர்வரோடும் இயங்கும். அந்தச் சர்வர் மறுதொடக்கம் ஆகும் சில நிமிடங்கள் பெயர் கிடைக்காமல் போவது உங்களுக்குப் பொருட்டில்லை என்றால் ஒன்றே போதும். வீட்டில் முதியவர்களைக் கவனிக்கும் கருவிகள் இருந்தால் இரண்டாவதை வையுங்கள். வேறு நிறுவனத்தில், வேறு ஊரில் இருப்பது நல்லது. திருத்தம் வந்தவுடன் முதன்மைச் சர்வர் ‘நோட்டிஃபை’ செய்தி அனுப்பி, இரண்டாவது சர்வர் மாறிய பகுதியை மட்டும் வாங்கிக்கொள்ளும்; இதற்கும் தனியாக ஒரு டிஎஸ்ஐஜி சாவி வைத்து, மற்றவர்களுக்கு மண்டலப் படியைத் தர மறுத்துவிடுங்கள்.

கேள்வி: வெளியிலிருந்து பார்த்தால் புகைப்படச் சர்வர் திறக்கிறது. வீட்டு வைஃபையில் இருக்கும்போது அதே பெயரில் திறப்பதில்லை. ஏன்?
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: வீட்டுக்குள்ளிருந்து கேட்டாலும் பெயருக்கு ரவுட்டரின் வெளி முகவரிதான் பதிலாக வருகிறது. உள்ளிருந்து கிளம்பி வெளி முகவரிக்குப் போய் அங்கேயே திரும்பி உள்ளே வரும் போக்குவரத்தைக் கையாளும் ஹேர்பின் நேட் வசதி உங்கள் ரவுட்டரில் இல்லை. அமைப்புகளில் ‘நேட் லூப்பேக்’ என்ற பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வீட்டுக்குள் பை-ஹோல் அல்லது டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஎன்எஸ் மென்பொருளை இயக்கி, அந்த ஒரு பெயருக்கு மட்டும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரியைப் பதிலாகச் சொல்லும்படி ஒரு வரி எழுதி, கருவிகளுக்கு உள்முகவரி வழங்கும் ரவுட்டரின் டிஎச்சிபி அமைப்பில் வீட்டுக் கருவிகளுக்கான டிஎன்எஸ் சர்வராக அதையே கொடுத்துவிடுங்கள். வெளியே போகும்போது விபிஎஸ்ஸின் பதிலும், வீட்டுக்கு வந்ததும் உள்முகவரியும் கிடைக்கும். கைபேசியில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ அமைப்பில் வேறொரு சேவையின் பெயரைக் கொடுத்திருந்தால் அது வீட்டு டிஎன்எஸ்ஸைக் கேட்காமலேயே போய்விடும், அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.